நம் ஊர் டைனோசருக்கு ஒரு சீட்டு

கோடை விடுமுறை விட்டதும் திருச்சி பெரிய கடை வீதியிலும் என்.எஸ்.பி. சாலையிலும் பொம்மைக் கடைகளில் டைனோசர்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். பச்சை ரப்பரில் வாய் பிளந்து நிற்பது, பேட்டரி போட்டால் கண் சிவந்து உறுமுவது, தண்ணீரில் ஊறவைத்தால் முட்டை உடைந்து வெளியே வருவது என்று தினுசுக்குப் பஞ்சமில்லை. இவற்றுக்கு நடுவே, கல்லாவுக்குப் பக்கத்துக் கொக்கியில் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும் டைனோசர் கார்டைத்தான் பெற்றோர் பலரும் தேடி வாங்குகிறார்கள். விலை குறைவு. வீட்டில் இடத்தை அடைக்காது. சார்ஜ் போட வேண்டியதில்லை. பாட்டி முதல் பேரன் வரை நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் செல்போன் யார் கையிலும் இருக்காது. விடுமுறையில் வீட்டுக்குள் விளையாட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்: இதை வாங்குங்கள்.

ஆட்டம் தெரியாதவர்கள் குறைவு. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் மல்யுத்த வீரர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் வைத்து ஆடிய அதே ட்ரம்ப் கார்டுதான். வீரர் இருந்த இடத்தில் இப்போது விலங்கு. செஞ்சுரி, விக்கெட் இருந்த இடத்தில் நீளம், உயரம், எடை, வாழ்ந்த காலம். மேலே இருக்கும் கார்டில் எது பெரிய எண்ணோ அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். எதிராளியின் எண் சிறியதாக இருந்தால் அவர் கார்டு நமக்கு. பிரிட்டனில் எழுபதுகளில் பரவலான ஆட்டம் இது. ஜெர்மனியில் அதற்கும் முன்பே, நான்கு நான்காகச் செட் சேர்க்கும் குவார்டெட் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இருந்திருக்கிறது. பெரியவர்களின் தனிச் சாமர்த்தியம் எதுவும் இதில் செல்லுபடியாகாது. சொல்லப்போனால், எந்தக் கார்டில் என்ன எண் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்குத்தான் சாதகம். அப்பாவை நேர்மையாகத் தோற்கடிக்கும் வாய்ப்பு குழந்தைக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. அது கிடைக்கும் ஆட்டத்தைக் குழந்தை விடாது.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு வீட்டில் இந்த ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்பு முடித்த பேரன், எழுபதைத் தாண்டிய பாட்டி. கட்டு நன்றாகப் பழகி, ஓரங்கள் நைந்திருந்தது. ஒரு கார்டின் முனையில் செலோடேப். பின்பக்கத்து மடிப்பை வைத்தே அது ட்ரைசெராடாப்ஸ் என்று பேரனுக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. பாட்டி ஒவ்வொரு முறையும் எடையையே கேட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எடை ஏழு டன்" என்பார். பேரன், "போச்சு பாட்டி, என்னோடது எழுபது" என்று கார்டை இழுத்துக்கொள்வான். அப்படி ஒரு கார்டைக் கொடுக்கும்போதுதான் பாட்டி கேட்டார்:

"ஏண்டா கண்ணா, இதெல்லாம் நம்மூர்ல இருந்துதா?"

"இல்ல பாட்டி. இது அமெரிக்கா. இது சைனா. அது அர்ஜென்டினா."

"நமக்கு ஒண்ணுமே இல்லையா?"

"கார்டுல இல்ல பாட்டி."

குழந்தை சரியாகவே சொன்னது. கார்டில் இல்லை. ஆனால் மண்ணில் இருந்தது. அந்த வீட்டு வாசலிலிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மண்ணில், உலகின் மிகப் பெரிய டைனோசர்களுள் ஒன்றாகக் கருதப்படும் விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அந்த எலும்புகள் இன்று இல்லை. இந்தக் கட்டுரை விளையாட்டைப் பற்றியதுதான்; ஆனால் அந்தப் பாட்டி கேட்ட கேள்வியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

பழைய திருச்சி மாவட்டம் எவ்வளவு பெரியது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் இதற்குள்தான். ஆகவே நிலவியல் நூல்களில் இந்த மூன்று மாவட்டங்களின் பாறைகளுக்கும் 'டிரிச்சினோபோலி' என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரிச்சினோபோலி என்றால் வெள்ளைக்காரர்களுக்கு முதலில் சுருட்டு நினைவுக்கு வரும். அவர்களில் கல்லை ஆராய்ந்தவர்களுக்குப் புதைபடிவம் நினைவுக்கு வரும். 1840களில் கேய் என்ற அதிகாரி இங்கே சேகரித்த சிப்பிகள் லண்டனுக்குப் போய் ஆராயப்பட்டன. ஹென்றி பிளான்ஃபோர்டு ஊர் ஊராகச் சுற்றி வரைபடம் போட்டார். ஸ்டோலிச்சுகா என்ற செக் நாட்டு அறிஞர் இங்கே கிடைத்த உயிரினங்களை வகைப்படுத்திப் பெரிய தொகுதிகளாக எழுதினார். லிடெக்கர் 1879-ல் இந்தப் பகுதியில் கிடைத்த ஊனுண்ணி டைனோசரின் பல் ஒன்றை விவரித்தார். 1920களில் சார்லஸ் மாட்லி அரியலூர்ப் பக்கம் தோண்டி, திருச்சி மாவட்டத்து டைனோசர்கள் பற்றி 1929-ல் தனிக் கட்டுரையே வெளியிட்டார். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இங்கே கடல் இருந்தது. அலைகள் இன்றைய காரை, கருடமங்கலம், அரியலூர் வரை ஏறி இறங்கின. கரையோரக் காட்டில் டைனோசர்கள் நடந்தன.

இனி கல்லமேட்டுக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்துச் சின்னக் கிராமம். எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே களிமண்ணும் மணலும் கலந்த பாறையில் சில பெரும் எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, முன்னங்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று. எல்லாவற்றிலும் வியப்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு: நீளம் 2 மீட்டர். நம் வீட்டு வாசல் கதவை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு, அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும். பிரம்மாண்டத்துக்குப் பேர்போன அர்ஜென்டினோசாரஸின் அதே எலும்பு ஒன்றரை மீட்டர்தான். எண்பதுகளின் இறுதியில் இதற்குப் பிருகத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயர் வைத்து உலகுக்கு அறிவித்தார்கள். பின்பாதிப் பெயர் மாட்லியின் நினைவாக.

எலும்புகள் மிகவும் நொறுங்கும் நிலையில் இருந்தன. நம் ஊர் மழையையும் வெயிலையும் மாறி மாறி வாங்கிய களிமண் பாறை அது. எலும்போடு சேர்ந்தே உதிரும். எடுத்துப் பத்திரப்படுத்துவதற்குள் அவை சிதைந்து போயின. மிஞ்சியவை சில கோட்டோவியங்களும் சொற்ப விவரங்களும். அதனால் பல காலம் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதை நம்பவில்லை. எலும்பே இல்லை, கல்லான மரத்தண்டாக இருக்கும் என்றுகூடச் சொன்னார்கள். 2022-ல்தான் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் அந்தக் காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்பு எலும்புதான் என்று பலரும் ஏற்கத் தொடங்கியது அதன் பிறகு. 2023-ல் வெளிநாட்டு ஆய்வாளர் இருவர் போட்ட கணக்கில் இதன் எடை 110 டன்னிலிருந்து 170 டன் வரை வந்தது. நிலத்தில் நடந்தவற்றில் மிகக் கனமானது இதுவாக இருக்கலாம். கடலில் நீந்தும் நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிடக்கூடிய எடை. பேரன் ஜெயித்த கார்டே எழுபது டன்தான். கல்லமேட்டுக்காரரை அந்தக் கட்டில் ஒரு கார்டாகச் சேர்த்து, அது பாட்டி கைக்கு வந்தால், எடை கேட்டதும் பாட்டிக்கே வெற்றி.

இரண்டாவது ஆள் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் பெயர் சூட்டியது. முதுகில் தட்டுகள் வரிசையாக நிற்கும் ஸ்டீகோசார் குடும்பத்தின் கடைசி வாரிசு என்று அறிவித்தார்கள். மற்ற நாடுகளில் அந்தக் குடும்பம் அற்றுப்போன பிறகும் இங்கே நீடித்திருந்தது என்பது பெரிய செய்தி. பின்னர் 1996-ல் வேறு இருவர், இது டைனோசரே அல்ல, நீண்ட கழுத்துடைய பிளீசியோசார் என்ற கடல் விலங்கின் எலும்பு என்றார்கள். ஸ்டீகோசார்தான் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. இப்படிச் சந்தேகம் உள்ளவற்றைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாமா, உறுதியானவற்றை மட்டும் அச்சிடுவதுதானே முறை என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவியல் எப்படி நடக்கிறது என்று குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல கார்டு கிடைக்காது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை அச்சிடுங்கள். அந்தக் கார்டு வரும்போது எதிராளி "சந்தேகம்!" என்று கத்தலாம், பகடையை உருட்டி முடிவுசெய்யலாம் என்று ஒரு விதி வையுங்கள். குழந்தை அந்தக் கார்டைத்தான் அதிகம் விரும்பும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புதைபடிவம் புதிதும் அல்ல. அங்கே எத்தனையோ வீடுகளில் கோயிலாழ்வாரில் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராமம், நேபாளத்துக் கண்டகி நதிப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அம்மோனைட். டைனோசர்கள் நிலத்தில் உலவிய காலத்தில் கடலில் சுருண்ட ஓட்டோடு நீந்திய உயிர். உள்ளே தெரியும் சக்கரம் அந்த ஓட்டின் வளையங்களும் வரிகளும்தான். தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் செய்து, துளசி சாத்தி, உடையாமல் தொலையாமல் ஒரு புதைபடிவத்தைக் காப்பாற்றி வரும் ஊர் இது. அறிவியல் செய்தியைச் சொல்வதால் வழிபாட்டுக்கு ஒரு குறையும் வராது. அந்தக் கல்லின் வயது பதினைந்து கோடி ஆண்டு அளவில் என்று தெரிந்தால் கைகூப்புகிறவருக்குப் பக்தி கூடத்தான் செய்யும். அதே அம்மோனைட்டின் சொந்தக்காரர்கள் பாடாலூர் தாண்டிக் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் காலடியில் கிடக்கிறார்கள். அங்கே திருமஞ்சனம் இல்லை; டயரும் காலும் மிதித்துப் போகின்றன.

காரையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஊட்டத்தூர் சுத்தரத்தினேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் இருக்கும் அந்தப் பக்கத்து நிலத்தைக் கவனித்திருப்பார்கள். மழை அரித்து அரித்து, மரம் மட்டையில்லாத மேடும் பள்ளமுமாக, செம்மண்ணும் மஞ்சளும் கலந்து கிடக்கும். களிமண்ணுக்குள் ஜிப்சம் கண்ணாடிச் சில்லாக மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் கல். அது பெலம்னைட், கணவாய் மீனின் பழைய உறவு. இங்கே சுறாக்களின் பற்களும், இக்தியோசார் என்ற மீன் வடிவக் கடல் ஊர்வனவின் எலும்புகளும் கிடைத்து ஆராயப்பட்டிருக்கின்றன. பாறைக்கு வயது சுமார் பத்துக் கோடி ஆண்டு. ஊட்டத்தூர் என்ற பெயர் உலக நிலவியல் புத்தகங்களில் இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் அது தெரிந்தவர் எத்தனை பேர்?

இந்த நிலத்தை வைத்து ஒரு சீட்டுக்கட்டுச் செய்வது எவ்வளவு எளிது என்று பாருங்கள். சீட்டில் நான்கு ஜாதி. நம் பாறைகளும் நான்கு அடுக்கு: அடியில் ஊட்டத்தூர், அதன்மேல் திருச்சிராப்பள்ளி, அதன்மேல் அரியலூர், உச்சியில் நினியூர். ஊட்டத்தூர் ஜாதியில் இக்தியோசார், ஓட்டை நொறுக்கித் தின்னும் தட்டைப்பல் சுறா, பெலம்னைட், கல்லக்குடிப் பவளப்பாறை. திருச்சிராப்பள்ளியில் திராவிடோசாரஸும், கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லும். அந்தக் கல்லை மெருகேற்றி 'டிரிச்சினோபோலி மார்பிள்' என்று மேசைப் பலகைக்கும் காகிதம் பறக்காமல் வைக்கும் குண்டுக்கும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் வாங்கிப் போனார்கள். அரியலூர் ஜாதிக்குத்தான் ராஜா, ராணி எல்லாம் அதிகம்: பிருகத்காயோசாரஸ், 2001-ல் பெயர் சூட்டப்பட்ட கல்லமேட்டு ஆமை, மடகாஸ்கரின் சப்பை மூக்கு முதலைக்கு உறவான முதலை, 2013-ல் ஒரே ஒரு பல்லை வைத்து அடையாளம் கண்ட ட்ரூடான்டிட் என்ற சிறிய ஊனுண்ணி. வட கண்டங்களுக்கே உரியது என்று நினைத்திருந்த இனம் அது. தனித் தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு எப்படி வந்தது என்பது இன்னும் பேசப்படும் புதிர். நினியூர் ஜாதியில் டைனோசர் ஒன்றும் இருக்காது. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய பேரழிவுக்குப் பின் படிந்த பாறை. நாட்டிலஸ், பாசிச் சுண்ணாம்பு மட்டும். கட்டைப் பிரித்துப் போடும்போதே டைனோசர் தீர்ந்துபோன இடம் எது என்று குழந்தைக்குப் புரிந்துவிடும்.

ஜோக்கர் வேண்டுமே? சாத்தனூர்க் கல்மரம். 1940-ல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கடலுக்கு அடித்து வரப்பட்டு, மண் மூடிக் கல்லான மரம். 18 மீட்டர் நீளம் இப்போதும் கிடக்கிறது. எந்த ஜாதியோடும் சேர்த்து இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். போலி அட்டையும் ஒன்று போடுங்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் ஏரி மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைக் கற்களை 'டைனோசர் முட்டை' என்று ஊரே பார்க்கத் திரண்டது; அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உண்டான உருண்டைகள் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். அந்த 'முட்டை' அட்டையை யார் தலையில் கட்டுவது என்பது ஆட்டத்தில் ஒரு ருசி.

எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. நீளம், எடை, காலம் ஆகியவற்றோடு 'மலைக்கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம்' என்று ஒரு வரி. இந்த ஒன்றில் மட்டும் சிறிய எண்ணே ஜெயிக்கும். டி-ரெக்ஸைக் கையில் வைத்திருப்பவர் பல்லாயிரம் கிலோமீட்டரோடு விழிக்க வேண்டும். தூரத்தைக் குழந்தையே வரைபடத்தில் அளந்து எழுதட்டும்.

சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பணம் வைத்து ஆடும் ரம்மி எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது என்று பார்த்துவிட்ட மாநிலம் இது, அவர்கள் பயம் நியாயமானதே. ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் விரித்து உட்காரும் ஊர் ஸ்ரீரங்கம். பாம்பு கொத்தினால் எந்தப் பாவம், ஏணி ஏறினால் எந்தப் புண்ணியம் என்று தாத்தாவும் பேத்தியும் ஒரே படத்தின்மேல் குனிந்து கற்ற ஊர். காசு வைக்காத ஆட்டம், கதை சொல்லும் ஆட்டம் நமக்குப் பழக்கம்தான்.

ஆட்டத்துக்கு அட்டை தரும் இந்த நிலத்தில் கல்லங்குறிச்சியை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்காக ஊர் ஊராக மக்கள் வண்டி கட்டிப் போகும் கல்லங்குறிச்சி. அந்தப் பெயரில் ஒரு பாறை அடுக்கே இருக்கிறது. அடுக்கு முழுக்கச் சிப்பி. உள்ளங்கை அகலச் சிப்பிகள் நெருக்கி நெருக்கிப் படிந்து உண்டான சுண்ணாம்புக்கல், ஊடே கடல் முள்ளெலிகள். சுமார் ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடித் தளம் அப்படியே. அதுதான் சிமென்டுக்கு உகந்த கல் என்பதால் பல பத்தாண்டுகளாக வெட்டி எடுக்கப்படுகிறது. அரியலூர் இன்று சிமென்ட் நகரம். வேலையும் வருமானமும் அதனால் வந்தன, சுரங்கம் தோண்டியதால்தான் பல புதைபடிவங்கள் வெளிச்சத்துக்கு வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒன்று வெளிச்சத்துக்கு வரும்போது ஆயிரம் அரவை இயந்திரத்துக்குள் போகின்றன. நாம் திருச்சியில் கட்டியிருக்கும் வீட்டுச் சுவரில் அந்தச் சிப்பிகள் தூளாக இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் தீரும்வரை வெட்டுவோம் என்றால், தீர்ந்த பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கும்? தண்ணீர் தேங்கிய பள்ளம்.

சுரங்கம் ஒரு பக்கம், பொறுக்குகிறவர்கள் மறுபக்கம். காரைக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் பை நிறையக் கற்களோடு திரும்புகிறார்கள். வரவேற்பறை அலமாரியில் ஒரு வருடம் இருக்கும். வீடு மாறும்போது குப்பைக்குப் போகும். எந்த அடுக்கில், எந்தச் சரிவில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத புதைபடிவத்தால் ஆய்வாளருக்குப் பயன் மிகக் குறைவு. சாத்தனூர் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம், அதற்கு வேலி உண்டு. காரைக்கும் கல்லமேட்டுக்கும் கருடமங்கலத்துக்கும் அப்படி என்ன காப்பு? 2022 டிசம்பரில் நிலவியல் மரபுச் சின்னங்களைக் காக்க மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. கோயில் சிலையை எடுத்துப்போனால் குற்றம் என்று சட்டம் இருப்பதுபோல் பத்துக் கோடி ஆண்டுச் சுறாவின் பல்லுக்கும் ஒரு சட்டம் வர வேண்டும். உள்ளாட்சி மன்றங்கள் தீர்மானம் போட்டாலே பாதி வேலை நடக்கும். தீர்மானம் போட, உள்ளூர்க்காரருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும்.

குஜராத்தைப் பாருங்கள். பாலாசினோர் பக்கத்தில் ரயோலி என்ற கிராமம். டைனோசர் முட்டைகளும் எலும்புகளும் கிடைத்த நிலத்தைப் பூங்காவாக வளைத்தார்கள். 2019-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தது. நர்மதைப் படுகையில் கிடைத்து 2003-ல் பெயர் பெற்ற ராஜாசாரஸ் இன்று அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர். ஊர்க்காரர்களே காவல்காரர்கள். அரியலூரிலும் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று வந்திருக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால் திருச்சிப் பள்ளிகளின் சுற்றுலாப் பேருந்துகள் இன்னும் ஊட்டிக்கும் மைசூருக்குமே போகின்றன.

ஜுராசிக் பார்க் தமிழ் பேசி வந்தபோது திரையரங்கில் கைதட்டிய தலைமுறை இப்போது பெற்றோர். அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள் நாற்பது தெரியும், சொந்த ஊர்ப் பெயர் ஒன்று தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி சேர்ப்பதால் இது மாறாது. தேர்வுக்குப் படித்தது தேர்வோடு போய்விடும். விளையாடிக் கற்றது போகாது. கிரிக்கெட் கார்டில் படித்த ரன் கணக்கை இன்றும் ஒப்பிக்கும் நாற்பது வயதுக்காரர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்களே.

கடையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கங்களை ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜாதிக்கும் எட்டு, ஆக முப்பத்திரண்டு. ஜோக்கரும் முட்டையும் தனி. படம் குழந்தை வரையட்டும். எப்படி இருந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத விலங்குகள் இவை, குழந்தையின் நிறமே சரியான நிறம். எண்களைப் பெரியவர்கள் தேடி எழுதுங்கள், தெரியாத இடத்தில் கேள்விக்குறி. பின்பக்கம் எல்லா அட்டைக்கும் ஒரே கோலம், இல்லாவிட்டால் மடிப்பை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அட்டை தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் சாத்தனூருக்கும் காரைக்கும் போய் வாருங்கள். தொட்டுப் பாருங்கள், படம் எடுங்கள், எதையும் எடுத்து வராதீர்கள்.

சிவகாசி அச்சக உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்காட்டியும் பள்ளி அட்டவணையும் சீட்டுக்கட்டும் நாடு முழுக்க அனுப்புகிறவர்கள் நீங்கள். அடுத்த பள்ளித் திறப்புக்குள் தமிழில் ஒரு டைனோசர் கட்டு அடியுங்கள். கல்லமேடு, காரை, சாத்தனூர், கருடமங்கலம் என்று ஊர்ப் பெயர் ஒவ்வொரு அட்டையிலும் இருக்கட்டும். மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் திருச்சி அரசு அருங்காட்சியகத்தின் வாசலிலும், வாரணவாசியிலும், ஸ்ரீரங்கம் ரெங்கா ரெங்கா கோபுரத்து வாசல் பொம்மைக் கடைகளிலும் அது விற்கட்டும். முதல் கட்டு வெளிவந்தால் கீழச் சித்திரை வீதிக்கு ஒன்றை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.